பழைய சாவி, புதிய பூட்டு

நீங்கள் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வசிப்பவரானால், சாரிசாரியாகச் செல்லும் கண்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பெட்டியின் மூலைகளைக் கவனியுங்கள். எட்டு மூலைகளிலும் துளையுள்ள எஃகு வார்ப்பு இருக்கும். லாரியின் பூட்டும் கிரேனின் பிடியும் அந்தத் துளைக்குள்தான் நுழைகின்றன. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கண்டெய்னர் முனையம் தொடங்கிய பிறகு, உலகின் கப்பல்கள் பன்மடங்கு பெரிதாகிவிட்டன. ஆனால் சர்வதேசத் தர அளவில் அமைந்த அந்தத் துளை மாறவில்லை. அதனால்தான் புதிய கப்பலில் வந்த பெட்டியைப் பழைய லாரியும் சுமக்கிறது.

கணிப்பொறி உலகில் இந்தத் துளைக்கு ஒப்பானது ஏ.பி.ஐ. தகவல் தள சர்வரை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். வெளியாள் உள்ளே போக முடியாது. கவுண்டரில் முறைப்படி கேட்டால் பதில் கிடைக்கும். அந்தக் கவுண்டர்தான் ஏ.பி.ஐ. 'போஸ்ட்கிரெஸ்' என்ற புகழ்பெற்ற தகவல் தளத்துக்கு இணையத்தில் கவுண்டர் அமைத்துத் தரும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் 'போஸ்ட்கிரெஸ்ட்'. கிடங்கின் உள்பதிவேடுகளைப் படித்து, என்னென்ன இருக்கின்றன என்று அறிந்து, கவுண்டரைத் தானே அமைத்துவிடும்.

சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. போஸ்ட்கிரெஸின் புதிய பதிப்பு ஆண்டுக்கொன்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள்தான் பராமரிப்பு. அதன் பின் பாதுகாப்புக் குறைகளையும் திருத்த மாட்டார்கள். ஆகவே பழையதிலேயே தங்கிவிட முடியாது. புதியதற்கு மாறினாலோ, உள்பதிவேடு மாறியிருக்கலாம். 2019-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பில் 'ஏ.டி.எஸ்.ஆர்.சி.' என்ற பத்தியை நீக்கினார்கள். அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் தானாக என்ன விழும் என்பதை எழுத்தில் வைத்திருந்த பத்தி அது. அதை நேரே படித்து வந்த நிரல்கள் புதிய பதிப்பில் பிழை காட்டி நின்றன.

குற்றம் யாருடையது? நீக்கியவர்களுடையது என்று சொல்லத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பத்தி பிற்கால மாற்றங்களைக் காட்டாது, அதைப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது என்று கையேட்டில் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். அதே தகவலைக் கேட்டறிய வேறு வழியும் கொடுத்திருந்தார்கள். கையேட்டைப் படித்து நிரலைத் திருத்தியவர்களுக்கு இடைஞ்சல் நேரவில்லை.

எனவே இரு தரப்புக்கும் கடமை உண்டு. சர்வரை மாற்றுபவர் நெடுநாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கருவி செய்பவர் அந்த அறிவிப்பைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தையும் பராமரிப்பிலுள்ள எல்லாப் பதிப்புகளிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இது புகழ் தராத வேலை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கே மாலை போடுகிறோம். ஓடுவதை ஓடச் செய்பவரை யாரும் கேட்பதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பெட்டி இறங்கிவிட்டதா, சுங்க அனுமதி கிடைத்ததா என்பதையெல்லாம் இன்று கணிப்பொறிகளே ஒன்றையொன்று கேட்டறிகின்றன. அங்கே கவுண்டர் வாயடைத்துப் போனால், லாரியின் பூட்டு கச்சிதமாகப் பொருந்தினாலும் பெட்டி நகராது.

உங்கள் பள்ளியில் நிரல் எழுதுகிறீர்களா? எந்தப் பதிப்பில் எழுதினீர்கள் என்பதை அதன் தலைப்பிலேயே குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு புதிய பதிப்பில் அதை மீண்டும் இயக்கிப் பாருங்கள். நின்றுபோனால் தூக்கி எறியாதீர்கள். ஏன் நின்றது என்று கண்டுபிடியுங்கள். அதுவும் அறிவியல்தான்!