பித்தளையைத் துலக்க வேண்டாம்

பம்ப் செய்து சுடும் பழைய காற்றுத் துப்பாக்கிகளைத் தேடிச் சேகரித்துச் செப்பனிடும் அபிமானிகள் அமெரிக்காவில் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய சிரத்தையிலும் கைத்திறத்திலும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அவர்களுள் ஒரு சாரார் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் கண்டிக்க விரும்புகிறேன். பரணில் கிடந்த பெஞ்சமின் துப்பாக்கியோ ஷெரிடன் துப்பாக்கியோ கைக்கு வந்தவுடன், அது காற்றைப் பிடித்து நிறுத்துகிறதா என்று பார்ப்பதற்கும் முன்பாகவே, அதன் குழலைத் தேய்த்துத் தேய்த்து, புளியிட்டுத் துலக்கிய குத்துவிளக்கைப்போலப் பளபளக்கச் செய்து, புதுப்பித்துவிட்டதாக அவர்கள் பெருமை கொள்கிறார்கள். திரும்பப் பெறவே முடியாத ஒன்று அந்த ஒரு பிற்பகல் வேலையில் தேய்ந்து போய்விடுகிறது.

வால்டர் பெஞ்சமின் என்பவருடைய பெயரைத் தாங்கிய கம்பெனி 1902-ல் செயிண்ட் லூயிஸ் நகரில் தோன்றியது. அதன் ஆரம்ப காலத் துப்பாக்கிகளில், குழலின் கீழே முன்புறம் நீண்டிருக்கும் கம்பியை உள்ளே தள்ளித் தள்ளிக் காற்றை அடைக்க வேண்டும். அடியில் மடக்கி விரிக்கும் நெம்புகோல் பிற்காலத்தில்தான் வந்தது. உடல் முழுவதும் பித்தளை. அதன்மேல் வெண்மையான நிக்கல் முலாம். அந்த வெண்முலாத்தின்மேல் கறுப்பு நிக்கல் முலாம் என இரண்டு போர்வைகளை அந்நாளைய பெஞ்சமின் துப்பாக்கிகளுக்கு அணிவித்தார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்தில் புழங்கிய துப்பாக்கியில், கை பற்றிய இடத்தில் கறுப்பு தேய்ந்து வெண்மை தோன்றும். இன்னும் அதிகமாகப் பற்றிய இடத்தில் வெண்மையும் தேய்ந்து பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். எந்தக் கை அதை எங்கே பிடித்தது, எவ்வளவு காலம் பிடித்தது என்பதற்கு அந்தத் தேய்மானத்தைத் தவிர வேறு சாசனம் கிடையாது. துலக்குகிறவர் அழிப்பது அழுக்கை மட்டும் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சாசனத்தையும் சேர்த்தே அழிக்கிறார்.

ஷெரிடன் துப்பாக்கியின் சரித்திரம் இன்னும் உருக்கமானது. விஸ்கான்ஸின் மாநிலத்து ரஸீன் நகரில் வாக்கர்ஹேகன், க்ராஸ் என்னும் இருவர், காற்றால் சுடும் துப்பாக்கிகளிலேயே உத்தமமான ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு, வால்நட் மரக் கட்டையும் ஐந்து மில்லிமீட்டர் குழலும் கொண்ட தங்கள் முதல் மாடலை 1947-ல் வெளியிட்டார்கள். விலை 56 டாலர் 50 சென்ட்; வெடிமருந்தால் சுடும் சாதாரணத் துப்பாக்கியையே அதைவிட மலிவாக வாங்கக்கூடிய காலம் அது. ஆகவே வேலைப்பாட்டை மெச்சியவர்கள் அநேகர், வாங்கியவர்கள் சொற்பம். 2,000-க்குச் சற்று மேற்பட்ட துப்பாக்கிகளோடு அந்த மாடல் நின்றுபோயிற்று. 1949-ல் அவர்கள் கொண்டுவந்த மலிவான ப்ளூ ஸ்ட்ரீக், சில்வர் ஸ்ட்ரீக் என்பவைதாம் கம்பெனியைக் காப்பாற்றித் தலைமுறை தலைமுறையாக விற்பனையாயின. இந்த ப்ளூ ஸ்ட்ரீக்கைப் பற்றித்தான் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறதே, ஒன்றைத் துலக்கினால் என்ன என்று கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே கேட்டு அப்படியே செய்தால், கம்பெனி அனுப்பிய கறுப்பு நிறத்தோடு ஒரு துப்பாக்கியைப் பார்ப்பதற்கு நம் பேரக் குழந்தைகள் எங்கே போவார்கள்?

உண்மையான ஜீர்ணோத்தாரணம் துப்பாக்கியின் உள்ளேதான் நடக்க வேண்டும். நெம்புகோலை ஒருமுறை விரித்து மூடினால், பிஸ்டன் தலையிலுள்ள வாஷர் காற்றைத் தள்ளிக்கொண்டுபோய் வால்வு அறைக்குள் அடைக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அழுத்தம் ஏறுகிறது. விசையை இழுத்ததும் உள்ளிருக்கும் சுத்தியல் வால்வைத் தட்டித் திறக்க, அடைபட்ட காற்று ஈயக்குண்டைத் தள்ளிக்கொண்டு பாய்கிறது. பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் அது தோல் வாஷராகையால், எண்ணெய் காணாமல் உலர்ந்து சுருங்கியிருக்கும். பல துப்பாக்கிகளுக்கு நல்ல எண்ணெயில் ஊறவைத்த தோலே போதுமான வைத்தியம். அதற்கும் மிஞ்சினால்தான் வால்வைக் கழற்ற வேண்டும். அதை இறுக்கியிருக்கும் பித்தளை மரையைத் திறக்க, முனையில் இரு பற்கள் கொண்ட எஃகுக் குழாய் ஒன்றைச் செய்துகொள்வது அவசியம். பொறுமையற்றவர்கள் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டி, அந்த மரையின் காதுகளைக் கிழித்துவிடுகிறார்கள். குழலும் பம்ப் குழாயும் பற்றாசினால் ஒட்டப்பட்டவை என்பதை மறந்து தீ காட்டுகிறவர்கள் இரண்டையும் பிரித்தே விடுகிறார்கள். ப்ளூ ஸ்ட்ரீக்கிற்கு எட்டு அடிகளே உச்ச வரம்பு. அதற்குமேல் பலம் பிடித்து அடைத்தால், வால்வைத் திறக்கச் சுத்தியலுக்குச் சக்தி போதாமல் காற்று உள்ளேயே தங்கிவிடும்.

வால்வின் வாய் படிந்து கிடக்கவும் தூசி புகாதிருக்கவும், ஓர் அடி காற்றை உள்ளே விட்டுவைப்பது இத்துப்பாக்கிகளைப் பேணுவோரின் வழக்கம். இதனாலேயே, எங்கிருந்து வந்த துப்பாக்கியானாலும் அது அடைபட்டதாகவும் குண்டிட்டதாகவும் எண்ணிக்கொண்டுதான் கையில் எடுக்க வேண்டும். 1803 ஆகஸ்டில், அமெரிக்கக் கண்டத்தின் மேற்குத் திசையை ஆராயப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ், பிட்ஸ்பர்க் அருகே ஒஹையோ ஆற்றுத் தீவு ஒன்றில் தம் காற்றுத் துப்பாக்கியைச் சிலருக்குக் காட்டினார். அதை வாங்கிப் பார்த்த ஒருவர் கைப்பிழையாகச் சுட்டுவிட, தூரத்தில் நின்ற ஒரு பெண்மணியின் தொப்பியைக் குண்டு துளைத்து நெற்றிப்பொட்டைக் கீறிச் சென்றது. அந்த அம்மாள் பிழைத்தது தெய்வாதீனம். காற்றுதானே என்ற அலட்சியத்துக்கு அன்றும் இடமில்லை, இன்றும் இல்லை.

தம் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தம் இஷ்டப்படி செய்துகொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. முன்பே யாரோ சுரண்டி முலாம் முழுவதையும் போக்கிவிட்ட துப்பாக்கியை, களிம்பு ஏறி அரிக்கத் தொடங்கிய துப்பாக்கியைத் துலக்குவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. முலாத்தில் பாதியாவது மிஞ்சியிருக்குமானால், மென்மையான துணியும் சொட்டு எண்ணெயும் கொண்டு துடைப்பதோடு கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றே மன்றாடுகிறேன். செப்பனிட்டு முடித்தபின், எந்த வருஷம் எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, கழற்றிய பழைய வாஷரையும் ஒரு சிறு உறையிலிட்டு, துப்பாக்கியுடனேயே வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் அதைத் திறக்கப்போகிறவர், புது வாஷருக்கு அளவெடுக்க அந்தப் பழைய தோலைத்தான் தேடுவார்.