கூரை உள்ளவனுக்கே சூரியன்

சொந்த வீடு வேண்டும். பேனல் மாட்டத் தோதான கூரை வேண்டும். மின் இணைப்பு வேண்டும். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம் சூர்யா கர் திட்டத்தில் மானியம் கேட்க இவையெல்லாம் தகுதிகள். இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. ஆக, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய். சூரிய மின்சாரம் யாருக்குத்தான் கசக்கும்? எனக்கும் கசக்கவில்லை. என் சண்டை அந்த முதல் தகுதியோடுதான்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வாருங்கள். ஒரகடத்தில் விக்ரம் சோலார் 2021இல் பேனல் தொழிற்சாலை திறந்தது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் திறந்தது. பேனல், கார், போன் என்று எல்லாமும் செய்கிற இந்த ஜனம் ராத்திரி எங்கே படுக்கிறது? வல்லம் வடகாலில் அரசு கட்டிய விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். அதற்கு வெளியே இருப்பவர்களில் பலருக்கு லைன் வீடுதான். ஒரு ரூமில் நாலைந்து பேர். அவர்கள் தலைக்கு மேலே கூரை இருக்கிறது, வெயிலும் நன்றாகவே அடிக்கிறது. பட்டா மட்டும் வேறொருவர் பெயரில்.

இந்த ரூம்களின் கரண்ட் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது இணைப்புக்குத்தான், ஆளுக்கல்ல. ஓனர் பெயரில் ஒரே இணைப்பு, ரூமுக்கு ஒரு சப்-மீட்டர் என்றால் அந்தச் சலுகை வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஓனர் வைத்ததே சட்டம். சொந்த இணைப்பு இருந்தால் முதல் 400 யூனிட் வரை யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது.

“பத்து ரூமும் ஒரே மீட்டர்ல ஓடுனா ஸ்லாப் ஏறுதே, நான் என்ன கையிலேர்ந்தா போட முடியும்?” என்பார் ஓனர். நியாயம். ஆனால் மூன்று கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும், இரண்டு மாதத்தில் 720. ஸ்லாப் சடசடவென இறங்கும். சப்-மீட்டர் ரேட் இறங்குமா? இறங்க வேண்டும் என்று மானிய விதி எங்கும் சொல்லவில்லை. சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற தொழிலாளியின் காசும் சேர்ந்த 78,000 ரூபாய், அவன் தலைக்கு மேலேயே பேனலாக உட்கார்ந்து ஓனருக்குச் சம்பாதிக்கும்.

முதலீடு போடுகிறவனுக்குத்தானே லாபம் என்று கேட்பீர்கள். முழுக்கத் தன் காசில் போட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். பொதுப்பணம் வாங்கினால் பொதுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இது நடக்காத காரியமும் இல்லை. ஜெர்மனியில் 2017இல் வாடகைதாரர் மின்சாரத்துக்கென்றே சட்டம் வந்தது. கூரை மின்சாரத்தைக் குடியிருப்பவருக்கு விற்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை உண்டு. ஆனால் அந்த விலை, அவ்வூரின் அடிப்படைக் கட்டணத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டெல்லியிலோ ஓரிடத்துப் பேனலின் மின்சாரத்தைப் பல வீட்டு பில்களில் பங்குபோட்டுக் கழிக்க 2019இலேயே வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன.

நான் கேட்பது இரண்டுதான். வாடகைக்கு விடும் கட்டடத்துக்கு மானியம் வேண்டுமா, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் முதலில் தனி இணைப்பு கொடு. பிறகு, பேனல் தரும் யூனிட்டில் குடியிருப்பவரின் பில்லுக்கும் ஒரு பங்கு எழுது. இதற்குச் சம்மதிக்காதவர் சொந்தக் காசில் பேனல் மாட்டிக்கொள்ளட்டும்.

அதுவரை இதை ஏழை வீட்டு விளக்கு என்று விளம்பரம் செய்யாதீர்கள். சொத்து வைத்திருப்பவரின் சொத்தை இன்னும் கொஞ்சம் மினுக்கும் திட்டம் இது.