காய் எடுக்க யார் வருவார்?

சென்ற தை மாதம் போடிநாயக்கனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் ஓர் ஏலத்தோட்ட முதலாளி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், தான தருமங்களில் குறை வைக்காதவர். நாவல்கள் படிப்பவர். என்னுடைய கதைகளைக்கூடப் படித்திருக்கிறார் என்றால் அவருடைய பொறுமையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். பாயசம் வந்தது. ஏலக்காய் மணம் கூடம் முழுவதும் பரவியது. அவர் ஒரு வாய் பருகிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"மணமாய்த்தான் இருக்கிறது. இன்னும் எத்தனை வருஷத்துக்கோ, தெரியவில்லை சார்! கம்பம், தேவாரம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லாம் காலேஜுக்குப் போகிறார்கள். எல்லோரும் படித்துவிட்டால் மலையிலே காய் எடுக்க யார் வருவார்?"

சுற்றி இருந்த நாலைந்து பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

போடியில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, மலையில் விளைகிற செடி. மற்றொன்று, விலை கேட்டு விற்கிற வியாபாரம். இந்த ஊருக்குச் சோறு போடுவது இரண்டும் சேர்ந்துதான். மேலே இடுக்கி மலையில் விளைகிற காய், போடியிலும் புத்தடியிலும் மாறி மாறி ஏலத்துக்கு வருகிறது. முன்பு வாயால் விலை கேட்டார்கள்; 2007 முதல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் கேட்கிறார்கள். அங்கிருந்து அந்தக் காய் கடல் கடந்து அரபு நாடுகளின் காப்பிக் கூஜாவுக்குள் போய் விழுகிறது. போடிக்கு 1928-ல் ரயில் வந்ததற்கே மலைச் சரக்கு ஒரு முக்கியக் காரணம். 'உலகமயம்' என்று இன்று நாம் பெரிய பெயர் வைத்துப் பேசுகிற சமாசாரம், அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கில் குடித்தனம் நடத்திக் கொண்டிருந்தது.

சந்தையைத் திறந்துவிட்டால் ஏழை நாடு தானாகப் பணக்கார நாடாகிவிடும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. உலகச் சந்தை என்பது ஏழையின் இரத்தத்தை உறிஞ்சவே ஏற்பட்டது என்று மேடை ஏறிக் கர்ஜிக்கும் நண்பர்களும் உண்டு. இரு சாராரையும் கைகூப்பி வணங்கி, இரண்டு செடிகளின் கதையைக் கேட்கும்படி வேண்டிக் கொள்கிறேன்.

முதற் செடி தேயிலை. மதுரையிலும் திருச்சியிலும் இராமநாதபுரத்திலும் சேலத்திலும் இருந்து நம் ஜனங்கள் இலங்கை மலைநாட்டுக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம். 1867-க்குப் பிறகு தேயிலை. அவர்கள் கிள்ளிய கொழுந்து லண்டன் சீமாட்டிகளின் கோப்பை வரைக்கும் போயிற்று. அதைக் காட்டிலும் உலகச் சந்தையோடு ஒட்டிய உழைப்பாளி யார்? ஆயினும், நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் அதே லயத்து அறையில்தான் இருந்தார்கள். இலங்கையில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி 1945-ல் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் தன் கையில் எடுத்துக் கொண்டதோ 1970-களில்! இடையில், 1948-ல், அவர்களுடைய குடியுரிமையையும் பறித்தார்கள். எழுத்தும் வாக்கும் இல்லாதவன் வாசலுக்கு உலகச் சந்தை வந்தால், அவனை நிறுத்துப் பார்த்து எடுத்துக் கொண்டு போய்விடும்.

இரண்டாம் செடி நம்முடைய ஏலமேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அதைக் கொண்டுபோய் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் நட்டார். அந்த நாட்டார் ஏலக்காயை அநேகமாய் உண்பதில்லை. பாயசமும் அறியார்கள், பிரியாணியும் அறியார்கள். இன்று உலகச் சந்தைக்கு மிகுதியான ஏலக்காயை அனுப்புகிறவர்கள் அவர்களே! அது விளைகிற ஆல்டா வெராபாஸ் என்ற மலை மாகாணமோ அந்த நாட்டின் மிக ஏழ்மையான பகுதிகளுள் ஒன்று. அங்கே பயிரிடுகிறவர்கள் பெரும்பாலும் கெக்சி என்னும் மாயா இன மக்கள். 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போரில் அடிபட்டவர்கள். அவர்கள் பேசும் மொழி ஒன்று, பள்ளிக்கூடத்தின் மொழி வேறொன்று. பள்ளிக்கூடமே இல்லாத கிராமங்களும் பல. வியாபாரி சொல்வதே விலை. அவன் எழுதுவதே கணக்கு.

இந்த இடத்தில் மேடை நண்பர்கள் கைதட்டுவது என் காதில் விழுகிறது. தயவு செய்து பொறுக்க வேண்டும். கொரியாவுக்கும் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

1951-ல் நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். 1945-ல், ஜப்பானியர் ஆட்சி நீங்கியபோது, கொரியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு பேர். ஓட்டப் பந்தயத்தில் இருவரும் அநேகமாய் ஒரே கோட்டில் நின்றோம். அதற்குப் பிறகு அவர்களுக்குக் கொடிய யுத்தம் ஒன்றும் வந்து சேர்ந்தது. தென் கொரியர்கள் நிலத்தைப் பங்கிட்டார்கள். கூடாரம் அடித்தாவது பள்ளி நடத்தினார்கள். 1960-க்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஆரம்பப் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். அதற்குப் பின்னர்தான் அந்த நாடு உலகச் சந்தையில் முழு மூச்சாய் இறங்கியது. எதை விற்றார்கள் தெரியுமா? தலைமயிர்! 1960-களில் கொரியப் பெண்கள் டோப்பா தைத்தார்கள்; அமெரிக்கச் சீமாட்டிகள் வாங்கி அணிந்தார்கள். அமெரிக்க உதவியும் சர்வாதிகாரமும் தொழிலாளியின் கண்ணீரும் அந்தக் கதையில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது சியோல் நகரத்துப் பந்தியில் ஒரு கனவான், "எல்லோரும் படித்துவிட்டால் டோப்பா தைக்க யார் வருவார்?" என்று கேட்டிருந்தால், உண்மையான பதில் என்னவாக இருந்திருக்கும்? "ஒருவரும் வரமாட்டார்கள், ஐயா! டோப்பா தைத்தவளின் பிள்ளை கப்பல் கட்டுவான்." அப்படியே கட்டினான். காரும் செய்தான். 1998 முதல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் அந்த நாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலையில் நம் பிள்ளைகள் கார் செய்கிறார்கள்.

கொரியா ஒன்றோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தையும் வைத்தியசாலையையும் கிராமம்வரை கொண்டுபோயிருந்த சீனம், 1978-க்குப் பின் கதவைத் திறந்தது. வியத்நாமும் அந்த வழியில் வந்தது. நாமும் 1991-ல் திறந்தோம். 1990-ல் உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் கொடிய வறுமையில் கிடந்தார்கள்; 2019-ல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மனித சரித்திரத்தில் இத்தனை பேர் இத்தனை விரைவில் பசியிலிருந்து கரையேறியதில்லை. இதைப் பழிப்பதற்கு எனக்கு நா எழவில்லை. ஆனால் கரையேறியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால், எழுத்தோடு சந்தைக்குப் போனவன் முன்வரிசையில் இருக்கிறான். எழுத்தில்லாமல் போனவன் தண்ணீரிலேயே நிற்கிறான்.

நாம் ஏன் பிந்தினோம்? பத்து ஆண்டுக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று நம் அரசியல் சட்டம் 1950-ல் வாக்களித்தது. அதை உரிமையாக்கும் சட்டம் 2009-ல்தான் பிறந்தது. பத்து ஆண்டு என்று சொல்லி அறுபது ஆண்டு எடுத்துக் கொண்டோம். அந்த அறுபது ஆண்டும் நாட்டில் பணமில்லாமற் போனதால் மட்டும் கழியவில்லை. "எல்லோரும் படித்துவிட்டால் அந்த வேலையை யார் செய்வது?" என்ற கேள்வி, கேட்டும் கேளாமலும் எல்லாப் பந்திகளிலும் உட்கார்ந்திருந்தது. 1953-ல் நம் மாகாணத்திலேயே, பாதிப் பொழுது பள்ளி, மீதிப் பொழுது அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததே, அதற்கு எத்தனை நல்லெண்ணம் கற்பித்தாலும் அடியில் கிடந்தது அந்தக் கேள்விதான். அடுத்த ஆண்டே ஜனங்கள் அதை விரட்டினார்கள். காமராஜர் வந்தார். மூடிய பள்ளிகள் திறந்தன. 1956-ல் மதிய உணவு வந்தது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயர் தாங்கிய கல்லூரி எழுந்ததும் அதே 1956-ல்தான்.

மேற்கே ஓடிய பெரியாற்றை பென்னிகுயிக் இந்தப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பியது 1895-ல். தண்ணீருக்கும் கல்லூரிக்கும் இடையே அறுபத்தோராண்டு! அந்த இடைவெளியில் நெல் விளைந்தது, வாழை விளைந்தது, திராட்சை விளைந்தது. நிலமுள்ளவன் வளர்ந்தான். களை எடுத்தவள் களை எடுத்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் கணக்குத் தீர்ந்தபாடில்லை. 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தின் எழுத்தறிவு மாநிலச் சராசரியான எண்பதுக்குக் கீழேதான் நின்றது.

இதனால் படிப்பு ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சாதிக்கப் போவதில்லை. பட்டம் பெற்று வேலை இல்லாமல் திண்ணையில் இருக்கும் பிள்ளைகளை நானும் அறிவேன். சந்தையின் கொடுமையும் தெரியும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்ட காய், இரண்டே ஆண்டில் ஆயிரத்தை ஒட்டி விழுந்தது. பூச்சிமருந்தின் எச்சம் மிகுதி என்று சவூதி அரேபியா நம் சரக்கைத் திருப்பிய காலமும் உண்டு. ஆனால் மருந்துக் குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கொடுமையைச் சற்றேனும் தடுப்பான். படிக்கத் தெரியாதவனுக்கு விலை ஏறினாலும் விதி, இறங்கினாலும் விதி.

கல்யாணத்துக்கு மறுநாள் விடியுமுன் கம்பத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மலைக்குப் போகும் ஜீப்புகள் வரிசையாய் நின்றன. பத்துப் பேர் ஏற முடியாத வண்டியில் பதினைந்து பெண்கள், கையில் தூக்குவாளியோடு. இன்னும் தன் வண்டி வராத ஒரு நடுவயது அம்மாளோடு பேச்சுக் கொடுத்தேன். நாள் முழுதும் செடியடியில் குந்தி, தரையோடு கிடக்கும் சரத்தில் முற்றின காயை மட்டும் பார்த்து எடுக்கிற வேலை. முதுகு போய்விட்டது என்றார்.

"கூலியெல்லாம் சரியாக வருகிறதா, அம்மா?"

"இப்ப சரியா வருதுய்யா. எனக்குக் கணக்குத் தெரியாது. எம் மக சீட்டைப் பாத்துச் சொல்லுவா. போன வருசம் நாலு நாள் கூலி விட்டுப் போச்சுன்னு அவதான் கண்டுபிடிச்சா. போயிக் கேட்டோம், குடுத்துட்டாங்க."

"மகள் என்ன செய்கிறாள்?"

"காலேஜு படிக்கா."

முதலாளியின் கேள்வி என் நெஞ்சில் முள்ளாய் இருந்தது. கேட்டுவிட்டேன்: "பிற்பாடு அவளும் மலைக்கு வருவாளா?"

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ எதுக்குய்யா வாரா? அவ வரக்கூடாதுன்னுதானே நான் போறேன்."

ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

பொருளாதார மேதைகள் தடித்த புத்தகங்களில் எழுதுகிற நாட்டு முன்னேற்றத்தை எனக்கு இத்தனை தெளிவாக எவரும் சொன்னதில்லை. தாய் செய்த வேலையை மகள் வேண்டாமென்று சொல்ல முடிகிற நாடு முன்னேறிய நாடு. வேண்டாமென்று சொல்ல முடியாதபடி அவளை வைத்திருக்கிற நாட்டில் எத்தனை கோடிக்கு ஏலக்காய் ஏற்றுமதியானாலும் அது ஏழை நாடுதான்.

இனி என் வெட்கத்தையும் சொல்லி விடுகிறேன். என் தாயாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 1960-களில் போடிமெட்டுப் பாதையில் நடந்தே ஏறிக் காய் எடுத்தவர். நான் பள்ளிக்கூடம் போனதற்குச் சரசுவதி கடாட்சம் காரணமில்லை. அங்கே மத்தியானம் சோறு போட்டார்கள். அந்தச் சோற்றைத் தின்று, எழுத்துக் கற்று, கதை எழுதி, அதனால் நாலு பேர் மதித்துக் கல்யாணத்துக்கு அழைத்து, முதல் பந்தியில் உட்கார வைத்த ஒருவன், "காய் எடுக்க யார் வருவார்?" என்ற கேள்விக்குத் தலையாட்டினான்!

முதலாளி ஐயா, பந்தியில் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். காய் எடுக்க ஆள் வேண்டுமானால் கூலியை உயர்த்துங்கள். ஏலக்காய் விலை ஏறினால் ஏறட்டும். பாயசத்தில் இரண்டு காய் குறைத்துப் போட்டுக் கொள்கிறோம். குந்தி எடுக்காமல் நின்று எடுக்க ஒரு கருவியைப் படித்த பிள்ளைகளிடம் செய்யச் சொல்லுங்கள். போடியில் 1971-லேயே கல்லூரி கட்டியது உங்கள் ஏலத்தோட்டக்காரர் சங்கம் அல்லவா? உங்கள் பெரியவர்களுக்கு இந்தப் பயம் இருக்கவில்லையே!

ஒன்று தெரியும். இன்று ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் குடும்பத்தோடு ஆட்கள் உங்கள் மலைக்கு வருகிறார்கள். 'அப்பாடா, கவலை விட்டது' என்று நீங்கள் நினைக்கக் கூடும். அந்தக் குழந்தைகள் செடிகளுக்கிடையே விளையாடிக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பாஷை தெரியாது. அவர்கள் பாஷை தெரிந்த வாத்தியார் மலையில் இல்லை. அவர்களை இப்படியே விட்டுவிட்டால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு உங்களுக்குக் காய் எடுக்க ஆள் கிடைக்கும். நம் நாடும் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு இதே இடத்தில் நிற்கும்.

அடுத்த முகூர்த்தத்துக்கு நான் போடிக்கு வருவேன். அப்போது, "அந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வந்தாரா?" என்று உங்களை நான் கேட்பேன்.