மூக்கில் எடை வையுங்கள்!

பத்தாம் வகுப்புப் பையன் நாள் பூரா கிரிக்கெட் பார்த்தால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். செல்போனைத் தேய்த்தால் சலித்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அவனே பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தால் வீட்டில் பூகம்பம். ‘பொம்மை வெச்சு விளையாடற வயசாடா இது?’

பொம்மையா? கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள்.

பி-24 லிபரேட்டர் என்று ஓர் அமெரிக்க விமானம். நாலு இன்ஜின். இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 33 மீட்டருக்கு மேல். அதை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 46 சென்டிமீட்டர். பெட்டிக்குள் விமானம் இருக்காது. சட்டத்தில் தொங்கும் துண்டுகள்தான் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறு தேய்த்து, உடம்பின் இரண்டு பாதிகளைச் சேர்த்த கோடு தெரியாமல் பட்டி பார்த்து, அப்புறம்தான் பெயின்ட். குண்டு போடும் கதவு, நம்ம ஊர்க் கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் வளைந்து மேலேறும். அதை வெட்டி ஒட்டுகிறவனுக்குத்தான் அது ஏன் அப்படி என்று கேட்கத் தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த விமானத்துக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம். மாடலை அப்படியே ஒட்டி நிறுத்தினால், பின்னால் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடும். ஒட்டி மூடுவதற்கு முன்பே மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். எவ்வளவு? எங்கே? ஈர்ப்பு மையத்தை இரண்டு மார்க் கேள்வியாக உருப்போட்டவன் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடுவான். வாலில் உட்கார்ந்த விமானத்தைப் பார்த்தவன் மறக்கவே மாட்டான்.

சேலம் அம்மாபேட்டையில் இதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. தறிக்காரர்கள் ஊர் அது. அறுந்த இழையை முடிச்சு தெரியாமல் சேர்க்கிற கைகள். அப்படிப்பட்ட கைக்காரர் ஒருவர், ‘பாருங்க சார், படிக்காம ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல சேர்த்துட்டா சரியாயிடுவான்’ என்கிறார். சரியாகிவிடுவான்தான்! அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ‘பிராய்லர்’ என்று ஊரே பெயர் வைத்தது சும்மாவா? லட்சக்கணக்கில் கட்டி இன்ஜினீயராக்குவீர்கள். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியாது.

இதே லிபரேட்டரின் கதையைச் சொல்கிறேன். போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் கான்பூரில் இவற்றைக் குவியலாக விட்டுவிட்டுப் போனான். சும்மா விடவில்லை, யாரும் ஓட்டக் கூடாது என்று உடைத்துப் போட்டுவிட்டுப் போனான். நம்ம பெங்களூர் எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையை விடவில்லை. ஜம்ஷெட் முன்ஷி என்ற டெஸ்ட் பைலட், ஏதோ பறக்கிற அளவுக்கு ஒட்டுப்போட்ட விமானங்களை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். மொத்தம் 40-க்கும் மேல்! 1948 நவம்பரில் விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றோடு தயார். 1968 வரை ஓட்டினோம். 1974-ல் அதில் ஒன்றை பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்துக்கே அனுப்பிவைத்தோம். உடைத்தவனுக்கே ரிப்பேர் பார்த்துக் கொடுத்திருக்கிறோம் ஐயா! அந்த வேலையை முடித்தது மார்க் ஷீட்டா, கையா?

‘அதுக்காகக் கொலைகார விமானத்தையா செய்யணும்?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. பெட்டி மேல் இருக்கும் படத்தில் வானம் மட்டும்தான் இருக்கும். கீழே செத்தவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினம், 9 திரிகோணமலை என்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதையும், மெட்ராஸே மூட்டை முடிச்சோடு காலியானதையும், மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றதையும் அவனிடம் எப்போதாவது சொன்னீர்களா? குண்டு வைக்கும் அறைக்குப் பெயின்ட் அடிக்கிற பையன், அது யார் தலையில் விழுந்தது என்று கேட்பான். வீடியோ கேமில் குண்டு போடுகிறவன் ஸ்கோரைத்தான் கேட்பான்.

அப்பாக்களை மட்டும் திட்டி என்ன பயன்? நான் பி.காம். படித்தவன், வரிப் பட்டியல் என்றால் கண் தானாகப் போகும். சுங்க இலாகா கணக்கில் இந்த மாடல்களும் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளும் ஒரே தலைப்பு, 9503. சீனப் பொம்மையைத் தடுக்கிறோம் என்று 2020-ல் வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. வேறு நாடுகளிலிருந்து வருகிற பெட்டிக்கும் அதே அடி. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. மேடைக்கு மேடை திறன் மேம்பாடு பேசிக்கொண்டே திறனுக்கு 70 சதவீதம்! தடுப்பதுதான் நோக்கம் என்றால், அச்சு வெட்டுகிற கோயமுத்தூர்க்காரர்களைக் கூப்பிட்டு இங்கேயே செய்யச் சொல்லுங்களேன்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அம்மாபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு மேஜை போடுங்கள். ஒரு கட்டர், உப்புத்தாள், பசை, நாலு பேருக்கு ஒரு பெட்டி. விலை சில ஆயிரம்; டியூஷன் ஃபீஸில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஜன்னலை மட்டும் திறந்து வையுங்க, அந்தப் பசை நாத்தம் தலைவலி கொடுக்கும்.