கணக்கு பிழைத்தால் நஷ்டம் யாருக்கு?

திண்டுக்கல் சமவெளியில், மழை பெய்தால் கரை புரள்வதும், பெய்யாவிட்டால் வெறும் மணலாய்க் கிடப்பதுமான ஆறு குடகனாறு. அது வடக்கே ஓடி அமராவதியில் கலந்து காவிரியைச் சேருகிறது. அந்த ஆற்றின் குறுக்கே வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் எழுப்பிய மண் அணை, 1977-ம் வருஷத்து வெள்ளத்தில் உடைந்து போயிற்று. அப்பொழுது அப்பிரதேசம் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது; திண்டுக்கல் தனி ஜில்லாவானது 1985-ல். அணையைத் திரும்பக் கட்டியாகி விட்டது. ஆனால் அந்த உடைப்பு எழுப்பிய கேள்வி ஒன்று இன்றளவும் பதிலின்றி நிற்கிறது. பலர் கூடிச் செய்யும் கட்டுமான வேலையில் ஒருவருடைய அஜாக்கிரதையால் மற்றொருவருக்குப் பண நஷ்டம் நேர்ந்து, அவ்விருவருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

நடந்ததை முதலில் பார்ப்போம். அணையின் உயரம் ஆழமான அஸ்திவாரத்திலிருந்து 15.75 மீட்டர், ஆற்று மட்டத்திலிருந்து 11.45 மீட்டர். கொள்ளளவு சுமார் 43 கோடி கன அடி. விநாடிக்கு 1,275 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 45,000 கன அடி வெள்ளத்தை வெளியேற்றலாம் என்பது கணக்கு. உச்ச நீர்மட்டத்துக்கு மேல் இரண்டரை மீட்டர் கரை மிச்சம் வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்தபோது ஐந்து கதவுகளையும் தூக்க ஊழியர்கள் உடனே முயன்றார்கள். மின்சாரம் நின்று போயிற்று. கதவுகள் பாதியில் நின்றன. மாற்று ஜெனரேட்டரை ஓட்டியும் பயனில்லை. கையால் சுழற்றிப் பார்த்தார்கள். இதற்குள் தண்ணீர் கரைக்கு மேல் ஏறி, பின்சரிவில் அருவியாய் விழுந்து மண்ணை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் கரை உடைந்தது.

பிழை எங்கே? இவ்வளவு வெள்ளந்தான் வரும் என்ற கணக்கிலா? மின்சாரம் நின்றால் கதவும் நிற்கும்படி அமைத்த யந்திரத்திலா? மனிதர் கணக்குக்கு அடங்காத மழையிலா? இத்தனை காலத்துக்குப் பின் அதைப் பங்கு பிரிக்க நாம் முற்படவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: கண்டிராக்டர் எவ்வளவு ஒழுங்காக மண்ணைக் கெட்டித்திருந்தாலும், நீர் மேலே வழிந்தால் மண் கரை நிற்காது. ஒருவர் காகிதத்தில் போட்ட கணக்கை நம்பியே மற்றவர்களின் உழைப்பும் பணமும் அங்கே போகின்றன.

அன்று வரைபடம் போட்டவர்கள் சர்க்கார் இன்ஜினீயர்கள். இன்றோ பெரிய வேலைகளில் தனியார் ஆலோசனைக் கம்பெனிகள் அக்காரியத்தைச் செய்கின்றன. ஆகையால் கேள்வி முன்னிலும் கூர்மையாகி விட்டது. உதாரணமாக, இதே குடகனாற்றில் ஒரு பாலம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆலோசகர் துளையிட்டுப் பார்த்து, ஆறு மீட்டரில் பாறை என்று எழுதுகிறார். கண்டிராக்டர் அதை நம்பி டெண்டர் கொடுக்கிறார். தோண்டினால் பன்னிரண்டு மீட்டரில்தான் பாறை. சர்க்காரைக் கேட்டால் டெண்டர் ஷரத்தைக் காட்டுகிறார்கள்: மண் பரிசோதனை விவரம் தகவலுக்கு மட்டும், கண்டிராக்டரே நேரில் பார்த்துத் திருப்தியடைய வேண்டும். ஆலோசகரைக் கேட்டால், “எனக்குப் பணம் கொடுத்தது சர்க்கார், உமக்கும் எனக்கும் என்ன ஒப்பந்தம்?” என்கிறார். கண்டிராக்டர் கையை விரிக்கிறார். வடமதுரையிலிருந்தும் நத்தத்திலிருந்தும் ஆட்களைத் திரட்டி வந்த மேஸ்திரி, வீட்டு நகையை அடகு வைத்துக் கூலி கொடுக்கிறார். பிழை செய்தவருக்கு முழு ஊதியம். பிழையை அறியாதவருக்கு வட்டி!

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாக விளைந்த நஷ்டத்தைத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அது ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் அஜாக்கிரதை என்ற பொதுச் சட்டத்தின் கீழ்ப் போக வேண்டும். அங்கே ஒரு வேலி இருக்கிறது. வெள்ளம் வயலை அடித்துச் சென்றால் அது உடைமைச் சேதம், வழக்குப் போடலாம். வெள்ளம் தொடாத வயலுக்குப் பாசனமின்றி ஒரு போகம் தவறினால் அது வெறும் பண நஷ்டம்; அதற்குக் கதவு அநேகமாய் மூடியே கிடக்கிறது.

இந்த வேலி இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ரோடு தோண்டிய கண்டிராக்டரின் ஆட்கள் மின்சாரக் கேபிளை அறுத்து ஓர் உருக்காலையை நிறுத்தினார்கள். 1972-ல் தீர்ப்பாயிற்று. உலையிலிருந்து கெட்டுப்போன உலோகத்துக்கு 368 பவுன், அதில் வரவேண்டிய லாபத்துக்கு 400 பவுன் கிடைத்தது. உருக்க முடியாமற்போன மற்ற நான்கு உலை உலோகத்தின் லாபம் 1,767 பவுன் மறுக்கப்பட்டது. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைக்காரர்கள் இத்தீர்ப்பைப் படித்து வைத்துக்கொள்வது நலம்.

இங்கிலீஷ்காரர்களாவது ஒரே முடிவில் நின்றார்களா? குடகனாறு அணை உடைந்த அதே 1977-ல், அஸ்திவாரத்தைச் சரியாகப் பரிசோதிக்காத நகர சபை பின்னால் குடிவந்தவர்களுக்கும் பொறுப்பாளி என்று பிரபுக்கள் சபை சொல்லிற்று. 1990-ல் அதே சபை அதை மாற்றிக்கொண்டது. ஆலோசக இன்ஜினீயர்கள் கவனிக்காது விட்ட கணக்குப் பிழையால் வீட்டை 35,000 பவுன் குறைத்து விற்க நேர்ந்தவருக்கு, கணக்கை அங்கீகரித்த நகர சபையிடமிருந்து ஒன்றும் இல்லை என்றது. கானடா வேறு வழியில் நடந்தது. ஒரு மாகாண சர்க்காருக்காக இன்ஜினீயரிங் கம்பெனி தயாரித்த வரைபடத்தை நம்பி ரோடு போட்டு நஷ்டமடைந்த கண்டிராக்டர், தமக்கும் அக்கம்பெனிக்கும் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அதன்மீது வழக்காடலாம் என்று 1993-ல் அதன் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சர்க்காரின் டெண்டரிலிருந்த ஷரத்து கம்பெனியைக் காப்பாற்றாது. முத்திரையிட்ட இன்ஜினீயர்கள் மட்டும் தனிப்பட்ட பொறுப்பாளிகள் அல்ல என்றும் கூறிற்று. இது நியாயமான தீர்ப்பு என்பது நமது அபிப்பிராயம்.

அணையும் ஏரியும் நமக்குப் புதியவையல்ல. அவற்றைப் பற்றிய வழக்கும் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் கார்வேட்நகர் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாதையை அடித்துச் சென்ற வழக்கில், 1874-ல் பிரிவி கவுன்சில், ஏரியைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அஜாக்கிரதை இல்லாதபோது அவர் பொறுப்பாளி அல்ல என்று சொல்லிற்று. தண்ணீரைத் தேக்கி வைப்பவன் எப்படியும் பொறுப்பாளி என்ற இங்கிலாந்து விதியை இந்நாட்டு ஏரிகளுக்கு அப்படியே பொருத்த முடியாதென்று லண்டனிலிருந்த நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கே அந்தத் துணிவு இருந்திருக்க, நாம் ஏன் அவர்களுடைய 1990-ம் வருஷத்து மனமாற்றத்துக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும்?

கதவைத் திறந்தால் வழக்கு வெள்ளமாகப் பெருகும், ஒரு கணக்குப் பிழைக்கு ஊரெல்லாம் நஷ்ட ஈடு கேட்கும் என்று சொல்வார்கள். இந்த ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. கடைத்தெரு வியாபாரம் குறைந்ததற்கெல்லாம் இன்ஜினீயர் பதில் சொல்ல முடியாது. ஆனால் டெண்டர் கொடுப்பவர் தம் வரைபடத்தைத்தான் நம்புவார் என்று ஆலோசகருக்கு நன்றாகத் தெரியும். வீடு வாங்குகிறவருக்கு நுகர்வோர் கோர்ட்டு உண்டு என்று 1993-ல் நம் சுப்ரீம் கோர்ட் லக்னோ வழக்கில் வழி செய்தது. வியாபாரத்துக்காக வேலை எடுக்கும் கண்டிராக்டருக்கு அந்த வழியும் இல்லை.

அஜாக்கிரதை முதலிய குற்றங்களுக்கு இந்தியாவுக்கென்று தனிச் சட்டம் வேண்டுமென்று 1886-ல் பிரெடரிக் பொல்லாக் ஒரு மசோதா எழுதிக் கொடுத்தார். அது சட்டமாகவே இல்லை. சட்டசபை அத்தகைய காரியத்தை எடுத்துக்கொள்ள நாளாகலாம். பொதுப்பணி இலாகா அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆலோசகரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே, அவருடைய கணக்கை நம்பி டெண்டர் கொடுக்கும் கண்டிராக்டருக்கும் அவர் கடமைப்பட்டவர் என்று ஒரு ஷரத்தும், அதற்கு ஏற்ற இன்ஷ்யூரன்சும் கேட்கலாம். “தகவலுக்கு மட்டும்” என்ற வரியை டெண்டரிலிருந்து எடுத்து விடலாம். இதற்குச் சட்டசபை கூட வேண்டுமா?