மோட்டரில குற்றஞ்சொல்லாதேங்கோ

கார்க் கண்ணாடி இறங்கேல்லையெண்டால் கராஜில முதல் தீர்ப்பு, ‘மோட்டர் போட்டுது, மாத்துங்கோ’. நாங்களும் தலையாட்டிக் காசைக் கட்டுறம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினபிறகு ஏறத்தாழ ஐந்து வருசம் பழைய கார்களையே உருட்டின நாடு இது. அந்தத் தலையாட்டல் சின்ன விசயமில்லை.

கதவு பிணைச்சலுக்குப் பக்கத்தில ஒரு இறப்பர் உறை இருக்கு. கதவைத் திறந்து மூட, அதுக்குள்ள வயர் மடங்கி மடங்கி அறும். பழைய கார்களில் மோட்டருக்குப் போறது பெரும்பாலும் இரண்டே வயர். கழற்றி, 12 வோல்ட் பற்றரியை நேரே கொடுத்தால் சுத்துதா இல்லையா எண்டு ஒரு நிமிசத்தில தெரியும். புது மோட்டர் பூட்டினபிறகு ஏத்த இறங்குதா? அந்த இரண்டு வயரையும் இடம் மாத்தினால் சரி. இதுக்கும் சுவிட்சை மாத்தச் சொல்லுற ஆக்கள் இருக்கினம்!

கலைப்பீடத்தில இருந்து உழைப்பு, சுரண்டல் எண்டு பக்கம் பக்கமாக எழுதுறம். வயர் எண்டதும் ‘அது பாஸ்மாற்றை வேலை’. மழைத்தண்ணி இறங்குற கதவுக்குள்ள வெறுமனே முறுக்கி ரேப் சுத்திவிடுறவரையும், ஈயம் பற்றவைத்து உறை போடுறவரையும் ஒரே கூலியால் அளக்கிறதும் நாங்கள்தான்.