பாற்பல் சொத்தைக்கு எந்த அடைப்பு?

"விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்குச் செலவு?" பிள்ளையின் கடைவாய்ப் பல்லில் கரும்பள்ளம் கண்ட பெற்றோர் பலரும் முதலில் கேட்பது இதுவே. பல் மருத்துவர் பொறுமையாக விளக்கிச் சொன்ன பின்னர் அடுத்த கேள்வி பிறக்கிறது: "அப்படியானால் எதைக் கொண்டு அடைப்பது? வெள்ளி நல்லதா, சிமெண்ட் நல்லதா? எஃகில் உறை போடவேண்டும் என்கிறார்களே, அது எதற்கு?" இத்திங்கள் இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்வோம். இரண்டாவதன் விடை முதலாவதற்குள் அடங்கியிருக்கிறது.

பாற்பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதிற்குள் அனைத்தும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடி விழுகின்றன. அதைக் கண்டே, பாற்பற்கள் எல்லாம் ஏழெட்டு வயதோடு போய்விடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கடைவாய்ப் பாற்பற்களின் கணக்கு வேறு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழும் இரண்டிரண்டாக உள்ள இவற்றுள் முதலாவது 9 முதல் 11 வயதிலும், இரண்டாவது 10 முதல் 12 வயதிலுமே விழும். நான்கு வயதுப் பிள்ளையின் கடைசிப் பாற்பல்லில் சொத்தை விழுந்தால், அந்தப் பல் இன்னும் ஆறேழு ஆண்டுகள் சோற்றை மென்று தரவேண்டியது என்பதை மறக்கலாகாது.

அது மட்டுமன்று. ஆறு வயதளவில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெரிய பல் தலைகாட்டும். வாழ்நாள் முழுதும் நிலைக்கவேண்டிய பல் அது. தாய்மார் பலர் அதையும் பாற்பல் என்றே கருதிக் கவனியாது விட்டுவிடுகின்றனர். அதற்கு முன்னால் நிற்கும் பாற்பல்லைச் சொத்தையின் காரணமாக முன்னதாகவே பிடுங்கிவிட்டால், இப்பெரிய பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பதினொரு வயதில் முளைக்கவேண்டிய நிலைப்பல் இடமின்றிக் கோணலாக வெளிவரும், அல்லது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இன்று ஓர் அடைப்பிற்குத் தயங்குகிற குடும்பம், பின்னாளில் பற்களுக்குக் கம்பி கட்டப் பன்மடங்கு செலவிட நேரிடலாம்.

பாற்பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், நிலைப்பல்லின் எனாமலில் ஏறத்தாழப் பாதித் தடிப்பே உள்ளது. உள்ளேயிருக்கும் நரம்பறையோ, பல்லின் அளவை நோக்கப் பெரியது. ஆகவே சொத்தை விரைவில் நரம்பை எட்டிவிடுகிறது. மேலும் இரண்டு கடைவாய்ப் பாற்பற்களும் ஒன்றோடொன்று அகலமாக ஒட்டி நிற்பதால், அவற்றின் இடுக்கில் தோன்றும் சொத்தை வெளியே தெரிவதற்குள் உள்ளே வெகுதூரம் அரித்துவிடும். மெல்லும் பரப்பில் மட்டும் உள்ள சிறு குழியா, இடுக்கிலும் பரவிய குழியா என்பதே அடைப்புப் பொருளைத் தீர்மானிக்கும் முதல் செய்தி.

இனிப் பொருள்களுக்கு வருவோம். நம் பெற்றோர் காலத்தில் 'வெள்ளி அடைத்தல்' என்று வழங்கியது அமால்கம் என்னும் கலவை. பெயர் வெள்ளியாயினும் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவை. உழைக்கும் பொருள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பல்லோடு ஒட்டாது. விழாமல் நிற்க வேண்டுமானால் நல்ல பல்லையும் சிறிது குடைந்து இடம் செய்யவேண்டும். மெல்லிய பாற்பல்லுக்கு அது இழப்பே. இதனினும் பெரிய காரணம் பாதரசம். ஜப்பானின் மினமாட்டா நகரில் பாதரசம் கலந்த ஆலைக்கழிவால் நேர்ந்த கொடுமையின் நினைவாகப் பெயரிடப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2013-இல் உருவாயிற்று. இந்தியா 2018-இல் அதை ஏற்றது. பாற்பற்களுக்கும், 15 வயதிற்குட்பட்டோர்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும், மருத்துவர் இன்றியமையாதது எனக் கருதினாலன்றி, அமால்கம் வேண்டாம் என்று அவ்வுடன்படிக்கை நாடுகள் 2022-இல் முடிவு செய்தன. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்னரே, 2018 ஜூலையிலிருந்து, சிறுவர்க்கு இதனை விலக்கிவிட்டது. இதைப் படித்துவிட்டு, வாயில் ஏற்கெனவே உள்ள உறுதியான வெள்ளி அடைப்பைத் தோண்டியெடுக்க யாரும் ஓடவேண்டாம். தோண்டும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக வெளிப்படும்.

அடுத்தது பல் மருத்துவமனைகளில் பொதுவாகச் 'சிமெண்ட்' என்று சொல்லப்படும் கிளாஸ் அயனோமர். இலண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்சன், கென்ட் என்னும் அறிஞர்கள் 1972-இல் இதனை உலகிற்கு அறிவித்தனர். ஒருவகைக் கண்ணாடித் தூளை அமிலக் கரைசலில் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு தானாகவே பிணைந்துகொள்வதும், சிறிது சிறிதாக ஃபுளோரைடைக் கசியவிடுவதும் இதன் சிறப்புகள். எச்சில் ஊறும் சிறு வாயில், நெடுநேரம் அசையாதிருக்க மாட்டாத பிள்ளைக்கு இது மிகவும் ஏற்றது. 1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் துளைக்கும் பொறியும் இல்லாத ஊர்களில், கைக்கருவிகளால் மட்டும் சொத்தையைச் சுரண்டியெடுத்து இத்தகைய சிமெண்டால் அடைக்கும் முறையைத் தொடங்கினர். பொறியின் இரைச்சலுக்கே அலறும் பிள்ளைகளுக்கு இன்று நம் ஊர்களிலும் அம்முறை கைகொடுக்கிறது. தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி போன்ற பகுதிகளின் பெற்றோர் இச்சிமெண்டைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஒரு குழியிலிருந்து கசியும் அளவு மிகச் சொற்பம்.

குறையும் உண்டு. கிளாஸ் அயனோமர் தேயும், விளிம்பில் உடையும். மெல்லும் பரப்பில் உள்ள சிறு குழிக்கு நன்கு உழைக்கும் இது, இரு பற்களின் இடுக்கிலும் பரவிய குழியில் எளிதில் தோற்றுவிடுகிறது. பிசின் சேர்த்து, நீல ஒளி பாய்ச்சி இறுகச் செய்யும் வகை இதனினும் வலிமையானது. இன்னும் ஓரிரு ஆண்டில் விழப்போகிற பல்லுக்கு இவ்விரண்டில் ஒன்றே போதும் என்பேன்.

காம்போசிட் என்பது பிசினும் கண்ணாடித் தூளும் சேர்ந்த வெண்பூச்சு. பல்லின் நிறத்திலேயே அமைவதால் பெற்றோர் இதையே பெரிதும் விரும்புகின்றனர். முன்பல் உடைந்தால் இதற்கு ஈடில்லை. கடைவாய்ப் பல்லிலோ, பூசி முடியும்வரை ஒரு துளி எச்சிலும் படலாகாது. படிப்படியாகப் பல வேலைகள்; ஒவ்வொன்றிலும் பிள்ளை வாயைத் திறந்தபடி இருக்கவேண்டும். ஏழெட்டு வயதில் அது கூடும். நான்கு வயதில், ஈரத்தின்மேல் பூசிய காம்போசிட் அழகாகத் தோன்றி, அடியில் மறுபடியும் சொத்தைக்கு இடம் கொடுத்துவிடும்.

எஃகு உறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; பெற்றோர் மிகுதியாக மறுப்பது இதைத்தான். 'கேப்' என்று வழங்கும் இவ்வுறை பல அளவுகளில் ஆயத்தமாகக் கிடைப்பது. தனியே அச்செடுத்துச் செய்யத் தேவையில்லை. 1950 முதல் பாற்பற்களுக்கு இது பயன்பட்டு வருகிறது. இடுக்கில் பரவிய பெருஞ்சொத்தைக்கும், நரம்புச் சிகிச்சை செய்த பல்லுக்கும் இதனைப்போல் உழைப்பது வேறில்லை. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்னும் பெண் மருத்துவர் ஓர் எளிய வழி கண்டார். ஊசியுமில்லை, துளைப்பதுமில்லை. தேவையானால் சில நாள் முன்னதாகப் பல்லிடுக்கில் சிறு ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்கி, உறையினுள் சிமெண்ட் நிரப்பிப் பல்லின்மேல் அழுத்தி, பிள்ளையையே கடிக்கச் செய்வார். காற்றும் உணவும் புகாமல் உள்ளே அடைபட்ட சொத்தை வளராது நின்றுவிடுகிறது. சொத்தையை உள்ளே விட்டு மூடுவதா என்று மருத்துவ உலகமே ஐயுற்றது. 132 ஸ்காட்லாந்துச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2011-இல் வெளிவந்தது. வழக்கமான அடைப்பு போட்ட பற்களில் நூற்றுக்குப் பதினாறுக்கும் மேல் சீழ் முதலிய பெருங்கேட்டிற்கு ஆளாயின. உறையிட்டவற்றில் நூற்றுக்கு மூன்றே. முதலில் கடி சற்று உயர்ந்து தோன்றும். சில வாரங்களில் தானே சரியாகிவிடும். உறையில் நிக்கல் கலந்திருப்பதால், அவ்வுலோகம் ஒவ்வாத பிள்ளையானால் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். பள்ளி ஆண்டு விழாப் புகைப்படத்தில் வாய்க்குள் ஏதோ மின்னுகிறதே என்று வருந்தும் அன்னையர்க்கு, கடைவாயில் இருப்பது சிரிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது என்பதே என் மறுமொழி. வெண்ணிற உறைகளும் உண்டு. அவற்றிற்கு விலையும் மிகுதி, பல்லை அராவுவதும் மிகுதி.

மிகச் சிறு குழந்தைக்கு, எந்த அடைப்பும் இயலாத நிலையில், சில்வர் டயமின் ஃபுளோரைடு என்னும் திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்தி வைக்கலாம். சொத்தையுள்ள இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும் என்பதை அறிந்தே இசைய வேண்டும். இதையும் கிளாஸ் அயனோமர் சிமெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இவையெல்லாம் நரம்பு உயிரோடிருக்கும் பல்லுக்கே. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் கொப்புளம், சீழ், முகவீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடைப்பு எதுவென்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். நரம்புச் சிகிச்சை செய்ய நேரலாம், பிடுங்கவும் நேரலாம். பிடுங்கினால், அந்த இடம் குறுகாமலிருக்கக் கம்பி வளையம் பொருத்த வேண்டுமா என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வோரும் உண்டு.

உறையிட்ட பல்லைப் பற்றி இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பல் ஆடத் தொடங்கும்போது, உறையை முன்னதாகக் கழற்றவேண்டுமோ என்று சிலர் மருத்துவரைத் தேடி வருகின்றனர். தேவையில்லை. உறையோடு சேர்ந்தே பல் விழுந்துவிடும். அடியில் புதிய பல் எட்டிப் பார்க்கும்.